புதுக் கார்ட் போட்டும் கேம் ஏன் திக்குகிறது?

ஒரே கடை, ஒரே நாள், ஒரே மாதிரி இரண்டு கிராஃபிக்ஸ் கார்ட். ஒன்று ஹட்டன் டவுன் வீட்டுக்குப் போகிறது. மற்றது நோர்வூட் பக்கத் தோட்டமொன்றின் லயத்துக்கு. டவுன் வீட்டில் கேமின் வேகம் இரண்டு மடங்காகிவிடுகிறது. லயத்துக் காம்பராவில் பழைய கார்டோடு எப்படித் திக்கியதோ அப்படியேதான் இப்போதும் திக்குகிறது. "கடைக்காரர் டூப்ளிகேட் தந்துவிட்டார்" என்று கார்டைக் கழற்றிக்கொண்டு போய் டவுன் வீட்டுக் கம்பியூட்டரில் போட்டுப் பார்த்தால், அங்கே பறக்கிறது. கார்டில் ஒரு குறையும் இல்லை. அப்படியானால் கொடுத்த காசு எங்கே போனது?

கேம் விளையாடும் பையன்களின் செல்லக் கவலை என்று இதைத் தள்ளிவிட முடியாது. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல்தான் 1,350 ரூபாவுக்கு வந்தது. ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற நடுத்தரக் கார்டைப் புதிதாக வாங்கினால் ஒரு இலட்சத்தைத் தாண்டும். அம்மா மூன்று மாதம் பறித்த கொழுந்து அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. வாங்கலாமா, எதை வாங்கலாம் என்பதை ஆசையை வைத்து முடிவெடுக்காமல் அளந்து பார்த்து முடிவெடுக்க வழி இருக்கிறது. செலவில்லாத வழி.

திரையில் ஓடுவது உண்மையில் அசையாத படங்களின் வரிசை. ஒரு படத்துக்கு 'பிரேம்' என்று பெயர். தமிழில் சட்டகம் எனலாம். செக்கனுக்கு 60 சட்டகம் வேண்டுமென்றால் ஒன்றை முடிக்கக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிசெக்கன். அதற்குள் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். மையச் செயலி, அதாவது சிபியு, விளையாட்டின் நிலவரத்தைத் தீர்மானிக்கிறது: எதிரி எங்கே நிற்கிறான், குண்டு பட்டதா, கதவு எந்தப் பக்கம் விழும், இந்தச் சட்டகத்தில் எதையெல்லாம் வரைய வேண்டும். வரைகலைச் செயலி, அதாவது ஜிபியு, அந்தப் பட்டியலை வாங்கி ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கணக்கிடுகிறது.

அகலத்தில் 1920, உயரத்தில் 1080 என்ற சாதாரணத் திரையில் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள் இருக்கின்றன. பெரும்பாலும் ஒரு புள்ளியின் நிறத்தைக் கண்டுபிடிக்கப் பக்கத்துப் புள்ளி முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதனால்தான் கிராஃபிக்ஸ் கார்டில் எளிய கணிப்பு அலகுகளை ஆயிரக்கணக்கில் அடுக்குகிறார்கள். ஆர்டிஎக்ஸ் 3060இல் 3,584 இருக்கின்றன. மையச் செயலியின் வேலை அப்படிப் பிரித்துக் கொடுக்கக்கூடியதல்ல. குண்டு பட்டதா என்று தெரிந்த பிறகுதான் ஆள் விழுவானா என்று சொல்ல முடியும். அங்கே தேவை நான்கு, ஆறு, எட்டு என்று கொஞ்சப் பேர், ஆனால் கெட்டிக்காரர்கள்.

இப்போது புதிருக்கு வருவோம். தேயிலை ஸ்டோருக்குள் போய் வந்தவர்களுக்கு அதன் விடை பாதி தெரிந்திருக்கும். மடுவத்தில் நிறுத்த கொழுந்து லொறியில் வந்து இறங்குகிறது. முதலில் வாட்டும் தொட்டிகளில் பரப்பிக் காற்றடிக்கிறார்கள். அது 12 மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கிற வேலை. பிறகு ரோலர், பிறகு நொதிக்க வைத்தல், பிறகு டிரையர், சல்லடை. எல்லாக் கட்டமும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. நேற்றைய கொழுந்து ரோலரில் உருளும்போது இன்றையது தொட்டியில் வாடிக்கொண்டிருக்கும். அந்த ஸ்டோரில் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ தூள் விழும்? அதன் மிக மெதுவான கட்டம் எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான். தொட்டி போதாத ஸ்டோரில் துரை இன்னொரு ரோலர் வாங்கிப் போட்டால், அந்த ரோலர் கொழுந்துக்காகக் காத்து நிற்கும். மழைக்காலத்தில் இலை ஈரமாக வருவதால் வாட்டல் இன்னும் இழுக்கும். ஆகவே இறுக்கம் எங்கே என்பது நாளுக்கு நாள்கூட மாறும்.

கம்பியூட்டரிலும் மையச் செயலி அடுத்த சட்டகத்துக்குக் கணக்குப் போடும் நேரத்தில் கார்ட் முந்தைய சட்டகத்தை வரைந்துகொண்டிருக்கும். ஒரு சட்டகத்துக்கு மையச் செயலி 14 மில்லிசெக்கனும் கார்ட் 20 மில்லிசெக்கனும் எடுக்கின்றன என்று வையுங்கள். வேகத்தைக் கார்டின் 20தான் தீர்மானிக்கும். செக்கனுக்கு 50 சட்டகம். இப்போது இரண்டரை மடங்கு வேகமான கார்டைப் போட்டால் அதன் வேலை 8 மில்லிசெக்கனில் முடிந்துவிடும். ஆனால் மையச் செயலி 14இலேயே நிற்கிறது. கிடைப்பது 71 சட்டகம். இரண்டரை மடங்குக்குக் காசு கொடுத்தோம், ஒன்றரை மடங்கைக்கூட எட்டவில்லை. அந்த மையச் செயலி பழையதாகி 22 மில்லிசெக்கன் எடுத்தால்? முன்பும் 45, பின்பும் 45. நோர்வூட் பக்கத்து லயத்தில் நடந்தது இதுதான். கணினிப் பொறியியலாளர் ஜீன் அம்டால் இதற்கு நெருங்கிய உறவான ஒரு விதியை 1967இல் வாதிட்டார்: ஒரு வேலையின் ஒரு பகுதியை எவ்வளவு விரைவாக்கினாலும் மீதிப் பகுதி மொத்தத்தைக் கட்டிப்போட்டுவிடும்.

உங்கள் பெட்டிக்குள் எது கட்டிப்போடுகிறது என்பதைப் பெட்டியைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம். கேமின் செட்டிங்ஸில் திரைத் துல்லியத்தை 1920×1080இலிருந்து 1280×720க்கு இறக்குங்கள். புள்ளிகள் பாதிக்கும் கீழே போய்விடும். கார்டின் சுமை அதற்கேற்பக் குறையும். எதிரிகளின் எண்ணிக்கை, குண்டுகள், கதவுகள் எதுவும் மாறவில்லை. மையச் செயலிக்கு அதே வேலை. படம் மங்கலாகத் தெரியும், அதை விடுங்கள். சட்டக எண்ணிக்கை நன்றாக ஏறினால் கார்ட்தான் இறுக்கம். புதுக் கார்டுக்கு அர்த்தமுண்டு. எண் அசையவே இல்லையென்றால் எந்தக் கார்ட் வாங்கினாலும் அசையாது. ஒரு கேமில் மட்டும் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். ஜிடிஏ 5இல் ஆள்கூட்டமும் வாகனமும் நிறைந்த தெருவில் மையச் செயலி திணறும். புல்லும் மரமும் நிறைந்த மலைப்பக்கத்தில் அதே கம்பியூட்டரில் கார்ட் திணறும்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்ப்பதும் உதவும், ஆனால் அது பலரை ஏமாற்றியிருக்கிறது. "சிபியு 30 சதவீதம்தான் ஓடுது, அதனால அது பிரச்சினையில்லை" என்பார்கள். எட்டு இழை, அதாவது திரெட், உள்ள செயலியில் ஒரே ஓர் இழை மூச்சுத்திணற ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது 12.5 சதவீதம்தான். பார்க்க வேண்டியது ஜிபியு எண்ணை. அது 95க்கு மேலே ஒட்டிக்கொண்டு நின்றால் கார்ட் முழு மூச்சில் வேலை செய்கிறது. 60இல் தத்தளித்தால், வேகத்துக்கு நீங்களே எல்லை போட்டிருந்தாலொழிய, வேறு யாருக்கோ காத்து நிற்கிறது.

சராசரி எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு செக்கனில் 50 சட்டகங்கள் தலா 14 மில்லிசெக்கனில் வருகின்றன, மூன்று மட்டும் தலா 100 மில்லிசெக்கன் எடுக்கின்றன என்றால் கணக்கு 53 என்று காட்டும். நல்ல எண். ஆனால் அந்த மூன்று இடத்திலும் படம் உறைந்து நிற்கும். கண் கவனிப்பது அதைத்தான். 2011வரை கார்ட் விமர்சனங்கள் பெரும்பாலும் சராசரியை நம்பியே எழுதப்பட்டன. அந்த ஆண்டில் 'டெக் ரிப்போர்ட்' இதழின் ஸ்காட் வாசன் ஒவ்வொரு சட்டகமும் எடுத்த நேரத்தைத் தனித்தனியே வரைந்து காட்டினார். சராசரியில் ஜெயித்த சில கார்டுகள் வரைபடத்தில் திக்கித் திணறுவது தெரிந்தது. இன்று எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளே அந்த வரைபடத்தைக் கேமின் மேல் ஓட்டிக் காட்டுகிறது. அதில் கோடு சமமாகப் போய், இடைக்கிடை ஊசி மாதிரி எழும்பினால் முதலில் ரேமைப் பாருங்கள். ஒரே ஒரு துண்டு ரேம் போட்ட பெட்டிகள் இங்கே ஏராளம்; இணையான இரண்டாவது துண்டு போட்டால் நினைவக வழி இரட்டிப்பாகும், செலவோ கார்டின் விலையில் சிறு பங்கு.

ஆன்லைன் கேமில் எதிரி சட்டென்று இடம் மாறித் தெரிகிறான், சுட்டது படவில்லை, ஆனால் வரைபடக் கோடு நேராக இருக்கிறது என்றால் குற்றவாளி வீட்டுக்கு வெளியே, மலைச்சரிவுக்கு அந்தப் பக்கம் நிற்கும் சிக்னல் கோபுரம். அதற்குக் கார்ட் வாங்குவது பல்வலிக்குக் கண்ணாடி மாற்றுவதுதான். இன்னொன்று, சிரிக்காதீர்கள்: மொனிட்டர் வயரைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகி வைத்தும் மாதக்கணக்கில் விளையாடுகிறார்கள்.

சோதனை கார்டைத்தான் காட்டுகிறது என்று வையுங்கள். அப்போதும் உடனே கடைக்கு ஓட வேண்டாம். பெட்டியைத் திறந்து, இருக்கிற கார்டைப் பாருங்கள். விறகடுப்பு எரியும் வீட்டில் சில வருடம் இருந்த கார்டின் விசிறியைக் கழற்றினால் உள்ளே தெரிவது வெறும் தூசியல்ல. அலுமினியத் தகடுகளின் இடைவெளி தெரியாதபடி, புகைக்கரியும் தாளித்த எண்ணெயும் மழைக்காலத்து ஈரமும் சேர்ந்து பழுப்பு நிறக் கம்பளி மாதிரி ஒட்டியிருக்கும். விரலால் இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வரும். கார்டின் சிப் சூடேற ஏறத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஜிடிஎக்ஸ் 1060 தலைமுறைக் கார்டுகள் 83 பாகையை எல்லையாக வைத்து இப்படிச் செய்பவை. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள், கார்டை இந்த நிமிடம் எது தடுக்கிறது, சூடா மின்சாரமா என்று ஒரு வரியில் சொல்லிவிடும். சூடு என்று வந்தால் தூரிகையும் ஒரு குழாய் வெப்பப் பசையும் போதும். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அது கண்டபடி சுழன்றால் தாங்கி தேயும்.

நுவரெலியாக் குளிரில் கார்டுக்கு என்ன சூடு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, விடைதான் நினைத்த மாதிரி இல்லை. நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். தண்ணீர் 94 பாகையிலேயே கொதிப்பது அதனால்தான். விசிறி ஒரு சுற்றுக்கு அதே கனஅளவுக் காற்றைத்தான் தள்ளுகிறது, ஆனால் அந்தக் காற்றில் பொருள் குறைவு. குளிர்ந்த காற்று சற்று அடர்த்தி கூடியது என்பதையும் சேர்த்தால் கொழும்புக் காற்றோடு ஒப்பிட 17 சதவீதம் போல் குறைகிறது. அள்ளிக்கொண்டு போகும் வெப்பமும் அதற்கேற்பக் குறையும். கொழும்பில் 30 பாகை அறையில் ஒரு கார்ட் அறையைவிட 45 பாகை கூடுதலாகச் சூடேறி 75இல் நிற்கிறது என்றால், நுவரெலியாவின் 18 பாகை அறையில் அதே விசிறி வேகத்தில் 50 சொச்சம் கூடுதலாகி 70ஐ ஒட்டி நிற்கும். பன்னிரண்டு பாகைக் குளிரில் பாதிக்கு மேல் உயரம் விழுங்கிவிட்டது. லாபம் உண்டு, ஆனால் கொழும்பு நண்பர்கள் பொறாமைப்படும் அளவுக்கு இல்லை. இது தோராயக் கணக்கு. உங்கள் கார்டின் உண்மையான எண்ணை ஜிபியு-இசட் காட்டும்.

குளிரின் உண்மையான ஆபத்து வேறு. இரவெல்லாம் 10 பாகையில் கிடந்த பெட்டியிருக்கும் அறைக்குள் காலையில் சோற்றுப்பானையின் ஆவி புகுந்தால், குளிர்ந்த உலோகத்தின் மேல் அது நீராகப் படியும். ஓடிக்கொண்டிருக்கும் கார்ட் அறையைவிடச் சூடாக இருப்பதால் அதில் நீர் படியாது. படிவது அணைந்து கிடக்கும்போதுதான். மார்கழி, தை மாதங்களில் புதுக் கார்டைப் பனிக்குளிரில் கொண்டுவந்தால், உறையைப் பிரிக்காமலே அறை வெப்பத்துக்கு வரும்வரை விட்டுவைப்பது நல்லது.

மின்சாரத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். மதர்போர்டுத் துளை வழியாகக் கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். ஜிடிஎக்ஸ் 1650இன் பல வகைகள் அதற்குள் அடங்கிவிடும். ஆர்டிஎக்ஸ் 4060க்கு 115, ஆர்எக்ஸ் 6600க்கு 132, ஆர்டிஎக்ஸ் 3060க்கு 170 வாட். இவற்றுக்குப் பவர் சப்ளையிலிருந்து தனி வயர் வர வேண்டும். அலுவலகங்களில் பாவித்துக் கழித்த டெல் ஒப்டிப்ளெக்ஸ் பெட்டிகள்தான் இங்கே பலருக்கு முதல் கேமிங் கம்பியூட்டர். அவற்றின் பவர் சப்ளை 250 வாட்டை ஒட்டியது, கார்டுக்கான வயர் பெரும்பாலும் கிடையாது, சில மாடல்களின் மதர்போர்டுச் செருகி டெல்லுக்கே உரியது என்பதால் கடையில் கிடைக்கும் சப்ளை நேரடியாகப் பொருந்தாது. மெலிந்த வகைப் பெட்டியென்றால் அரை உயரக் கார்ட் மட்டுமே உள்ளே போகும். அப்படிப்பட்ட பெட்டிக்கு 1650க்கு மேல் ஆசைப்படுவதென்றால், கார்டுக்கு அல்ல, புதிய கம்பியூட்டருக்குச் சேர்க்கத் தொடங்குவதே என் யோசனை.

லயங்களில் இன்னொரு சிக்கல். காசல்ரீ, மவுசாக்கலை நீரில் சுழலும் மின்நிலையங்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. லக்சபான 1950இலிருந்து நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கிறது. ஆனாலும் நீண்ட கம்பியின் கடைக்கோடியில் இருக்கும் வீட்டில் மாலை ஆறரைக்கு, எல்லா வீட்டிலும் ஹீட்டரும் கேத்தலும் போடும் நேரத்தில், 230 வோல்ட் 180க்கு வந்துவிடலாம். பழைய குண்டு பல்ப் அப்போது மங்கும்; குறைவாகக் கிடைத்தால் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். கம்பியூட்டரின் பவர் சப்ளை மங்காது. தனக்கு வேண்டிய வாட்டை எடுத்தே தீரும். வோல்ட் குறைந்தால் அம்பியர் ஏறும். 350 வாட் இழுக்கும் பெட்டி 230 வோல்ட்டில் 1.5 அம்பியர் எடுத்தால், 180இல் 1.9க்கு மேல் எடுக்கும். மலிவான சப்ளை அங்கே சூடேறித் துண்டித்துக்கொள்ளும், கேம் நடுவே பெட்டி அணையும், பழி புதுக் கார்டின் மேல் விழும். யூபிஎஸ் பெட்டியில் 650 விஏ என்று பெரிய எழுத்தில் இருப்பது வாட் அல்ல. பக்கத்தில் சிறிதாக இருக்கும் வாட் எண் பெரும்பாலும் 400ஐத் தொடாது. புதுக் கார்டோடு கூட்டிப் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

வாங்குவதென்று ஆகிவிட்டால், நான் முதலில் பார்ப்பது நினைவகம். சுவர், தரை, முகம் எல்லாவற்றின் மேலும் ஒட்டும் படங்கள் கார்டின் சொந்த நினைவகத்தில் இருக்க வேண்டும். 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060இல் அந்த நினைவகம் செக்கனுக்கு 360 ஜிபி பரிமாறுகிறது. இடம் போதாமல் மதர்போர்டின் ரேமிலிருந்து கொண்டுவர வேண்டியதானால், மூன்றாம் தலைமுறைத் துளையின் முழு அகல வழியிலும் செக்கனுக்கு 16 ஜிபிதான் வரும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இன்னும் மோசம்: நினைவகம் 4 ஜிபி, வழியோ நான்கே தடம், பழைய மதர்போர்டில் அது 4 ஜிபியாகச் சுருங்குகிறது. புதுசு, விலை மலிவு என்று அதைப் பழைய பெட்டிக்குச் சிபாரிசு செய்வதை நான் கேட்டிருக்கிறேன். புதிய கேம்களுக்கு 8 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள்.

பாவித்த கார்டுகளை ஒதுக்கத் தேவையில்லை. 2022இல் ரூபா சில வாரங்களில் டொலருக்கு 200இலிருந்து 350ஐத் தாண்டிச் சரிந்தது. 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானது. புதுசு எட்டாத உயரத்துக்குப் போன அதே 2022இல், செப்டெம்பர் 15 அன்று எதீரியம் நாணயம் கார்ட் வைத்துத் தோண்டும் முறையைக் கைவிட்டது. உலகெங்கும் அதற்காக ஓடிய கார்டுகள் பாவித்த சந்தைக்கு வந்து குவிந்தன. இரவுபகல் ஓடியது என்பதால் சிப் தேய்ந்திருக்கும் என்ற பயம் மிகையானது. தேய்வது விசிறியின் தாங்கியும், நினைவகத்தின் மேலிருக்கும் வெப்பப் பட்டைகளும், இரண்டையும் மாற்றலாம்.

போலியும் கலப்பும்தான் கவனிக்க வேண்டியவை. பழைய கார்டின் உள்மென்பொருளை மாற்றி ஜிடிஎக்ஸ் 1050டிஐ என்று விற்கும் வேலை உலகெங்கும் நடந்திருக்கிறது. ஜிபியு-இசட்டில் போட்டால் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று அது எழுதிக் காட்டும். ஆர்எக்ஸ் 580 என்றால் அதே மென்பொருளில் அலகுகளின் எண்ணிக்கையைப் பாருங்கள்: 2304 என்றால் அசல் 580, 2048 என்றால் சீனச் சந்தைக்கென்று வெளிவந்த குறைந்த வகை. அதையும் வாங்கலாம், அதற்குரிய விலைக்கு. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் வாங்கினாலும் ஊருக்குள் கைமாற்றாக வாங்கினாலும் இந்தச் சோதனையை விற்பவரின் மேசையிலேயே செய்துவிட வேண்டும். கனமான கேம் ஒன்றை அரை மணித்தியாலம் ஓடவிட்டு, வெப்பமும் விசிறிச் சத்தமும் எங்கே போய் நிற்கின்றன என்று பாருங்கள். "நேரமில்லை தம்பி, நம்பி எடுத்துட்டுப் போங்க" என்றால் எடுக்காமல் வருவதே நல்லது. திருப்பிக் கொடுப்பதற்குக் கொழும்புக்கு ரயிலில் போவதே ஒரு பகல்.

கையில் காசில்லாதவர்களுக்கும் ஒன்று இருக்கிறது. ஏஎம்டி 2021 ஜூனில் எஃப்எஸ்ஆர் என்ற வழியை இலவசமாக வெளியிட்டது. கேம் குறைந்த துல்லியத்தில் வரைந்து, பிறகு திரை அளவுக்குப் பெருப்பித்துக் கூர்மையாக்கும். ஜிடிஎக்ஸ் 1060, ஆர்எக்ஸ் 580 போன்ற பழைய கார்டுகளிலும் ஓடும். கேமின் செட்டிங்ஸில் இருந்தால் 'குவாலிட்டி' நிலையில் போட்டுப் பாருங்கள். தூரத்து மின்கம்பியும் வேலியும் கொஞ்சம் நடுங்கும், மற்றபடி கண் பழகிவிடும். 720 சோதனையில் எண் ஏறிய கம்பியூட்டரில் மட்டுமே இதுவும் பலன் தரும். ஏறாத கம்பியூட்டருக்கு இலவசக் கார்டே கொடுத்தாலும் பயனில்லை.